கண்ணாடிக்குள் கடல்: அறமா, ஆடம்பரமா?

அழகிய பொருளைக் கண்டவுடன் அதனைத் தனதாக்கிக்கொள்ள விழைவது மாந்தர் இயல்பு. மலரைக் கண்டால் பறிக்கிறோம்; கிளியைக் கண்டால் கூட்டில் அடைக்கிறோம். பறித்த மலர் மாலைக்குள் வாடிவிடும். அதன்பொருட்டு எவரும் நம்மைப் பழிப்பதில்லை. ஆனால், உயிருள்ள ஒன்றைக் கைக்கொண்டு, அது நம் வீட்டில் நெடுநாள் வாழவும் வேண்டும் என்று விரும்புவோமாயின், அங்கே ஓர் அறக்கேள்வி எழுகின்றது. நம் கண்ணின்பத்துக்காக ஓர் உயிரை அதன் இடத்தினின்றும் பெயர்த்து வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? உண்டெனின், அவ்வுரிமைக்கு நாம் செலுத்தவேண்டிய விலை யாது?

இக்கேள்வியை ஆராய்வதற்கு, பெரிய கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளமும் மீனும் வளர்க்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். பவளம் கல்லன்று, செடியுமன்று. எண்ணிறந்த சிறு பூச்சிகள் கூடிக் கட்டிய ஊர் அது. ஒவ்வொரு பூச்சியின் உடலுக்குள்ளும் கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக்கொண்டு உணவு சமைக்கின்றது; பூச்சி பாசிக்கு வீடு தருகின்றது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசியினாலேயே வருவது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இக்கூட்டுவாழ்வைக் கடலினின்றும் பிரித்து ஒரு வீட்டுக் கூடத்தில் நிலைநிறுத்துவது எளிய செயலன்று.

எவ்வளவு அரிது என்பதற்கு நமது பாலோவையே உதாரணமாகக் கொள்வோம். குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதையோரத்தில், ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவே அமைந்த ஊர் இது. கடற்காற்று இங்கு வீசுவதில்லை. இவ்வூரில் ஒருவர் 1000 லிட்டர்த் தொட்டி வைக்க விரும்பினால், முதலில் கடலையே உண்டாக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 35 கிலோ உப்புக் கலவை வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதாயின், ஒவ்வொரு முறையும் 100 லிட்டர் நீரும் மூன்றரைக் கிலோ உப்பும் தேவை. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, ஆகவே நாள்தோறும் குறைந்த அளவுக்கு நன்னீர் வார்க்க வேண்டும். மீனின் கழிவு அம்மோனியா என்னும் நஞ்சாகும். அதனை மாற்றித் தீங்கு குறைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் வேரூன்ற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதுவரை பொறுக்காமல் மீனை விட்டால், மீன் மடியும். நமது நாட்டு வெப்பத்தில் நீர் 30 பாகைக்கு ஏறிவிடும். பவளத்துக்கோ 25 முதல் 27 பாகை வரை வேண்டும். ஆதலின் குளிரூட்டும் பொறியும் ஓயாமல் ஓட வேண்டும். ஒரு மழைநாளில் மின்சாரம் சில மணி நேரம் நின்றுபோனால், நீரில் உயிர்க்காற்றுக் குன்றி, பல்லாண்டு வளர்த்த யாவும் ஓரிரவில் அழியக்கூடும்.

இத்தொட்டிக்குள் பகலை உண்டாக்குபவன் மனிதன். இரவை வரவழைப்பவனும் அவனே. அலையும் அவன் கையில், உணவும் அவன் கையில். அம்மீன்களுக்கு அறிவிருந்தால் அவனைக் கடவுள் என்றே கும்பிடும். ஆனால் எத்தனை பூசை நடப்பினும், எத்தனை மந்திரம் ஓதினும், அழுக்கு நீரில் ஒரு சொட்டும் தூய்மையாகாது. வாளியைத் தூக்கியே ஆகவேண்டும். படைத்துக் காக்கும் தொழிலை ஏற்றவன் முதலில் கற்கும் பாடம் இதுவே: அதிகாரம் என்பது ஓயாத ஊழியத்தின் மறுபெயர்.

அவ்வூழியத்தைச் செய்பவர் யார் என்பதும் கேட்கத்தக்கது. 1846இல் அன்னா தைன் என்னும் ஆங்கில மாது, டார்க்கி கடற்கரையினின்றும் பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுசென்று சில ஆண்டுகள் உயிருடன் வைத்திருந்தார். காற்றூட்டும் பொறி இல்லாத காலம் அது. அவர் கண்ட உபாயம் யாதெனின், திறந்த சன்னலருகே நின்று நீரை ஒரு கலத்தினின்றும் மற்றொன்றுக்கு நெடுநேரம் மாறி மாறி ஊற்றுவது. அவ்வேலையைச் செய்தவள் அவர் வீட்டுப் பணிப்பெண். வரலாற்றில் அம்மையாரின் பெயர் நின்றது. கைவலிக்க நீரூற்றியவளின் பெயர் நிற்கவில்லை. தோட்டத்தில் உழைத்து வாழ்ந்தவர்களின் வழிவந்த நமக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

பின்னர் 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் காஸ் என்னும் அறிஞர் இக்கலையைப் பற்றி நூல் வெளியிட்டார். மக்களிடையே பெருமோகம் பரவிற்று. கடற்கரைப் பாறைக்குழிகளைத் துருவித் துருவி உயிர்களை வாரினர். காஸின் மகன் எட்மண்ட் காஸ், 1907இல் எழுதிய தம் வாழ்க்கை நூலில், தந்தையின் நூல்கள் மூட்டிய ஆர்வமே அக்கரைகளின் எழிலை அழித்தது என்று வருந்துகின்றார். கடலை நேசிக்கக் கற்பித்தவரே கடல் சூறையாடப்படுவதற்கும் காரணரானார்! அறிவு பெருகி, அடக்கம் பெருகாவிடின் விளைவு இதுவேயாகும்.

இன்றைய நிலை அதனினும் கொடிது. நன்னீர் வளர்ப்பு மீன்களுள் மிகப் பல பண்ணைகளிற் பிறப்பவை. கடல்மீன்களிலோ மிகப் பெரும்பாலானவை கடலிலேயே பிடிக்கப்படுபவை. 1960களில் பிலிப்பைன்சில் தொடங்கிய சயனைடு முறை பின்னர் இந்தோனேசியாவுக்கும் பரவிற்று. பாறையிடுக்கில் நஞ்சைப் பீய்ச்சினால் மீன் மயங்கிக் கைக்கு வரும்; சுற்றியுள்ள பவளம் சாகும்; பிழைத்த மீனும் பின்னர்ப் பலபோது மடியும். மீன் பிடிக்க மூழ்குபவன் ஏழை. படகிலுள்ள பொறியினின்றும் வரும் ஒரு குழாயின் மூலம் மூச்சுவிட்டு ஆழத்தில் நெடுநேரம் கிடந்து, விரைந்து மேலே வருவதால், கைகால் முடங்கிப்போனோர் பலர். அழகிய தொட்டியின்முன் நின்று வியப்பவர் கண்ணுக்கு அக்கால்கள் தெரிவதில்லை. ரப்பர்ச் சக்கரத்தில் ஊர்ந்த சீமான்களுக்குப் பால் வெட்டிய கைகள் தெரியாததுபோலவே இதுவும்.

"மீனுக்கு என்ன குறை? வேளைக்கு உணவு, பகைவரில்லாத வாழ்வு, வேறென்ன வேண்டும்?" என்பர் சிலர். இவ்வாதம் நமக்குப் பழக்கமானது. லயத்தில் இடமும் அரிசியும் கொடுத்தோம், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்ட துரைமார்களின் வாதம் இது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் அவ்வாதம் பல்லாண்டு நிற்கவில்லையா? மனிதனும் மீனும் ஒன்றென்று நாம் கூறவில்லை. மனிதன் வாய்திறந்து கேட்டான், சங்கம் அமைத்தான். மீனோ கேட்க இயலாதது. கேட்க இயலாத உயிரைக் காப்பவனுக்குப் பொறுப்பு மிகுமேயன்றிக் குறையாது.

நிற்க. மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். கடலுக்குள் மூழ்கிப் பவளத்தைக் காணும் வாய்ப்பு எல்லோர்க்கும் உண்டா? 1909இல் சென்னைக் கடற்கரையில் பொதுமக்களுக்காக மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் வான் கிளீஃப் மீன்காட்சிச் சாலை 1955 முதல் 1996 வரை நடைபெற்றது. கடலுக்குள் இறங்க வகையற்ற எளியோர்க்கும் அவை கடலின் உள்ளழகைக் காட்டின. கண்டறியாத ஒன்றின்மீது அன்பு பிறப்பதரிது. அன்பு பிறவாத இடத்தில் காக்கும் எண்ணமும் பிறவாது. மேலும், வளர்த்துப் பார்த்தோரின் பொறுமையே இனப்பெருக்கத்தின் இரகசியத்தை வெளிப்படுத்திற்று. கடற்சாமந்தியின் நடுவே வாழும் கோமாளி மீனை இன்று பண்ணையிலேயே பொரிக்கச் செய்கின்றனர். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் உழைத்துள்ளது. பவளத்தின் ஒரு கிளையை ஒடித்து ஒட்டிவைத்தால் அதுவே புதிய பவளமாக வளர்கின்றது. ஆகவே, கடலைச் சுரண்டாமலும் கடலை வளர்க்கலாம் என்பது தெளிவு.

இனி, கடலின் நிலையையும் எண்ண வேண்டும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்தனர். 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1986இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் இந்திய அரசு கற்பவளங்களைச் சட்டத்தால் காத்தது. நமது ஜோகூரிலும், மெர்சிங் கடலிலுள்ள ராவா, திங்கி, சிபு முதலிய தீவுகளைச் சூழ்ந்த நீர் 1994இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வெப்பத்துக்கு எந்தச் சட்டம் வேலி? நீர் சில வாரம் ஓரிரு பாகை மிகுந்தால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகின்றது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் இவ்வெளுப்பு உலகெங்கும் நேர்ந்தது. 2024 ஏப்ரலில் நான்காம் உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. வீட்டுத்தொட்டிக்குக் குளிரூட்டும் பொறி உண்டு, கடலுக்கு இல்லை. ஒரு பாகை ஏற்றத்தின் பொருளைத் தொட்டி வளர்ப்பவன் எவரினும் நன்கறிவான். அவ்வறிவு அவன் கூடத்தோடு நின்றுவிட்டால் அதனால் ஆவதென்ன?

எனவே நமது முடிபு இது. உயிரை வளர்ப்பது தன்னளவில் பாவமுமன்று, புண்ணியமுமன்று. நம் ஆளுகைக்குள் கொணர்ந்த ஒவ்வோர் உயிருக்கும் நாம் கடன்பட்டவராகிறோம். அக்கடனைத் தீர்ப்பவர் வளர்க்கலாம், தீர்க்கமாட்டாதார் கண்டு மகிழ்வதோடு நிற்றல் வேண்டும். கோமாளி மீன் நல்ல வளர்ப்பில் இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. இருபதாம் ஆண்டிலும் வாளி தூக்க நமக்கு மனமுண்டா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்க. பிறந்த இடத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டாத மீனை வாங்காதிருக்க. பண்ணையிற் பிறந்ததையும், கிளையினின்றும் வளர்ந்ததையுமே தேடுக. மெர்சிங் தீவுகளுக்குச் செல்வோர் ஒரு துண்டுப் பவளத்தையும் நினைவுப்பொருளென்று எடுத்துவராதிருக்க. கைப்பொருள் போதாதவர் ஒரு சிறு நன்னீர்த் தொட்டியில் நான்கு மீன்களை நன்கு வளர்ப்பாராயின், அது பெருந்தொட்டியில் நானூறு உயிரைச் சாகவிடுவதினும் உயர்ந்த செல்வமாகும்.

தொட்டியின்முன் நம் குழந்தைகளை நிறுத்தி, இவ்வழகு எங்கிருந்து வந்தது, யார் கொணர்ந்தார், யார் காக்கிறார் என்று கேட்கப் பழக்குவோமாக. மீனைக் குறித்து அவ்வாறு கேட்கக் கற்ற குழந்தை, நாளைத் தன் தட்டிலுள்ள சோற்றையும், உடுத்த துணியையும், குடியிருக்கும் வீட்டையும் குறித்து அதே கேள்வியைக் கேட்கும். அத்தகைய மக்கள் பெருகுவதே நாம் வேண்டும் சீர்திருத்தம்.