வறுத்த வித்து

பின்வாசல் மேசையில் இரண்டு பழைய பெயிண்ட் டின்கள் இருக்கின்றன. ஒன்றில் லைபீரிகா கோப்பி நாற்று. இன்னும் இலை விரியவில்லை. தண்டின் உச்சியில் தன் கொட்டையையே தொப்பி மாதிரிச் சுமந்துகொண்டு நிற்கிறது. முளைத்து வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மற்ற டின்னில், இதை ஊன்றிய அதே நாளில், வறுத்த கொட்டை ஒன்றைப் புதைத்தேன். அது மழையில் ஊறி, பூசணம் பிடித்து, மண்ணோடு போய்விட்டது.

இதைப் புதைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். மலாக்காவின் சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிவந்த பிறகு கோயிலில் ஞாயிறுதோறும் சைவ வகுப்பு எடுக்கிறேன். சஞ்சிதம் என்கிற சேர்த்துவைத்த பழவினை ஞானத்தீயில் பட்டால் வறுத்த வித்து மாதிரி, மறுபடி முளைக்காது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். யோக சூத்திரத்தின் வியாசர் உரையிலும் இந்த உவமை உண்டு, சமணர்களிடமும் உண்டு. இத்தனை வருஷம் சொன்ன வாய், ஒருநாளும் சோதித்ததில்லை. சோதிக்க வைத்தது மகன் வாங்கித் தருவதாகச் சொன்ன கோப்பி வறுக்கும் இயந்திரம்.

என் அப்பாயிக்கு இயந்திரமெல்லாம் கிடையாது. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நாலு கோப்பி மரம், ரப்பர் விறகு, இரும்புக் குவாலி, அகப்பை, அவ்வளவுதான். கொட்டை கறுத்து வரும்போது சீனியும் மார்ஜரினும் போட்டுக் கிண்டுவார். பாகு பிடித்துக் கட்டியாக இறுகும். ஆறினதும் உரலில் இடிப்பார். அந்த வாசனையை நினைத்து உருகுகிறவர்கள் உண்டு. நான் உருகமாட்டேன். பாதி கரி, பாதி பச்சை. சீனிதான் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் அந்த மரங்கள் அங்கே நின்றதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஆட்கள் தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டிச் சிலோனுக்குப் போனது முதலில் கோப்பிக்காக. 1869இல் அங்கே இலைத்துரு நோய் வந்து தோட்டங்களைத் தின்று தீர்த்தது. மலாயாவிலும் ரப்பருக்கு முன்னால் லைபீரிகாதான். 1890களின் கடைசியில் விலை விழ, ரப்பர் வந்து இடம் பிடித்தது. இங்கே மலாக்காவில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது 1896இல்.

ஓய்வுபெற்றதும் நான் வாங்கியது பாப்கார்ன் பொரிக்கிற காற்று இயந்திரம். அராபிகா அதில் நன்றாகத் துள்ளும். லைபீரிகா கனத்த கொட்டை, அதிலும் சிறிசும் பெரிசுமாக இருக்கும். காற்றுக்கு அசையாமல் அடியிலேயே கிடந்து தீய்ந்தது. அடுத்து உருளை சுழலும் இயந்திரம், பழசு, தடவைக்கு 250 கிராம். ஆறு வருஷமாக அதுதான் ஓடுகிறது. சில மாதங்களுக்கு முன்னால் மகன் ஜொகூரிலிருந்து வந்தபோது கைப்பேசியில் ஐலியோ புல்லட் என்ற இயந்திரத்தைக் காட்டினான். தூண்டல் முறையில் சூடேறும் உருளை, ஒரு கிலோ வரை வறுக்கலாம், கொட்டையின் சூட்டை அகச்சிவப்பு உணரி படிக்கும், கணினித் திரையில் கோடு ஏறும். விலை பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். "காசப் பத்தி நீங்க யோசிக்காதீங்கம்மா" என்றான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காசில்லாத காலத்தில் வேண்டாம் என்று சொல்வது சுலபம்; அதற்கு அடக்கம் என்று நல்ல பேரும் கிடைக்கும். இப்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அப்படியானால் வேண்டும் என்பது என்ன? திருக்குறளில் அவாவறுத்தலுக்கு 37ஆம் அதிகாரமே இருக்கிறது. அதை வகுப்பில் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து இயந்திரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

ஆனால் சைவ சித்தாந்தம் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடம்பு, மனம் முதலிய கருவிகள், உலகம், நுகர்வு எல்லாம் மாயையிலிருந்து உயிருக்குக் கொடுக்கப்பட்டவை. ஆணவம் என்ற அறியாமை இருட்டில் தடவித் தடவி நடக்கிறவனுக்கு ஒத்தாசை. சித்தாந்த ஆசான் உமாபதி சிவம் மாயையைப் பொழுது புலரும்வரை உதவும் விளக்காகவே சொல்கிறார். ஆகவே இயந்திரம் குற்றமில்லை. இருக்கிற விளக்கு போதாதா என்பதுதான் கேள்வி.

போன வெள்ளிக்கிழமை வறுக்கும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கொட்டை முதலில் வெளுத்து, வைக்கோல் நிறத்துக்கு வரும். புல் வேகிற வாசனை. பிறகு மஞ்சள், ரொட்டி சுடுகிற வாசனை. சவ்வு உரிந்து பறக்கும். 195 பாகை செல்சியஸை ஒட்டி முதல் வெடிப்பு. வெயில் காலத்தில் ரப்பர் காய் வெடித்துத் தகரக் கூரையில் விழுமே, அதையே சின்னதாக்கிய சத்தம். வெடிப்பு ஓய்ந்த சற்று நேரத்தில் இறக்கிவிடுவேன்; 250 போட்டால் 210 கிராம் மிஞ்சும்.

அப்போதுதான் உறைத்தது. கொட்டைக்குள் இருக்கும் கரு இந்த வெடிப்புவரை காத்திருப்பதில்லை. கை பொறுக்காத சூடு உள்ளே இறங்கிய சில நிமிஷத்தில், நிறம்கூட மாறாமல், அது செத்துவிடும். முளைக்காமலிருப்பதுதான் லட்சியம் என்றால் அங்கேயே அடுப்பை அணைத்துவிடலாம். அந்தக் கொட்டையை இடித்துக் குடித்துப் பாருங்கள், வைக்கோல் தண்ணீர். முளையும் இல்லை, மணமும் இல்லை. ஆசையை அறுத்துவிட்டோம் என்று சொல்கிற சிலர் பக்கத்தில் உட்காரும்போது எனக்கு இந்த வைக்கோல் வாசனைதான் அடிக்கும். என்னிடமும் சில நாள் அடித்திருக்கிறது. உயிரின் மலம் பக்குவப்படுவதைச் சைவர்கள் மலபரிபாகம் என்பார்கள்; அந்தச் சொல்லிலேயே பாகம், அதாவது சமைத்துப் பதமாக்குவது, இருக்கிறது. ஆணவம் அழிவதில்லை, பக்குவப்பட்டு வலி குன்றுகிறது என்றுதான் நூல்கள் சொல்கின்றன. சாகடிப்பது வேறு, பதமாக்குவது வேறு. இதை நான் வகுப்பில் பிரித்துச் சொன்னதே இல்லை.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வறுவலையும் எழுதி வைக்கிறேன். கடைசி இருபதில் ஏழு கெட்டுப்போனது. அதில் நாலு தடவை கதவு தட்டியவரிடம் பேசப் போனது நான், ஒரு தடவை தூங்கிவிட்டதும் நான். இரண்டுதான் இயந்திரத்தின் மேல்: பெரிய கொட்டைக்கு வெளியே நிறம் வந்தும் உள்ளே வேகவில்லை, சூட்டை அதற்குத் தக்கபடி மெதுவாக ஏற்ற வழியில்லை. புல்லட் வந்தால் அந்த இரண்டும் சரியாகலாம். மற்ற ஐந்துக்கு அது என்ன செய்யும்?

நேற்று மகன் கூப்பிட்டான். "என்னம்மா, சொல்லிறலாமா?"

"புரட்டாசி முடியட்டும்யா, பாப்போம்" என்றேன்.

கைப்பேசியை வைத்துவிட்டுத் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். மேசையின் அகலம் போதும். நீளத்துக்கு, டின்கள் இரண்டையும் கீழே இறக்க வேண்டியிருக்கும்.