பொன்னும் மணியும்

புளியம்பொக்கணை நாகதம்பிரானை வழிபடும் கண்டாவளைப் பகுதியார் பொன்னின் அருமையை நன்கறிவர். 2009ஆம் ஆண்டின் இறுதிப்போரிலே வன்னிமக்கள் பலர் தாலிப்பொன்னையும் உணவின்பொருட்டு விற்க நேர்ந்ததன்றோ?

பத்தரது பட்டறையை நோக்குமின். உமியோட்டிற் கனல்மூட்டிக் குழலால் ஊதிப் பொன்னை உருக்குகின்றார். 22 கரட் நகையென்பது 24 பங்கில் 22 பங்கு பொன்னும், எஞ்சிய 2 பங்கு செம்பு முதலிய கலப்பும் உடையது. அதன்மேலும் செம்பைச் சேர்த்து, உரிய மாற்றென்று விற்பது களவேயாம். கொள்வார் கண்ணுக்குத் தப்பினும் உரைகல் காட்டும். உரைகல்லுக்குத் தப்பினும் சிவபெருமான் அறிவார்.

இனி மணியை நோக்குமின். இரத்தினபுரிப் பக்கத்தில் அகழ்ந்தெடுக்கும் மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஓரினக் கனியமே. சாணை அவற்றுக்கு ஒளியைப் புதிதாகக் கொடுப்பதன்று. ஒளியை மறைத்த புறத்தைத் தேய்த்து நீக்குகின்றது. கல் எடையிற் குறைந்து ஒளியிற் சிறக்கின்றது. ஆணவமலத்தால் மறைப்புண்ட உயிரின் அறிவும் திருவருளால் அவ்வாறே விளங்கும்.

ஆயினும், இழந்தாரை நோக்கி, “இத்துன்பமும் சாணையே” என்று நாம் எளிதிற் கூறுதல் தகாது. சாணை பிடிப்பவனும் கல்லின் வெடிப்பறிந்தே கைவைப்பான். உயிர்களின் பக்குவமறிந்து தீட்டுதல் இறைவன் செயல். துயர் துடைத்தலே நம் கடன்.

ஆதலால், திருநாளிலே நகை பூண்டு கோயிலுக்குச் செல்வோர், அடுத்த வீட்டில் வெறுங்கழுத்தோடு இருப்பவரை நினைமின். அவர்க்கு உதவும் கையே அணிபூண்ட கையாம்.

திருச்சிற்றம்பலம்.