இரக்கம் என்ற பெயரில் ஒரு கைகழுவல்

வீட்டில் வளர்த்த பாம்பு பெருத்துவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பலர் அதைச் சதுப்புநிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கொல்ல மனம் வராமல், எங்காவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டது இரக்கம்தானே எனத் தோன்றும். அந்த இரக்கம் அறமாகுமா?

அப்படி விடப்பட்ட பர்மிய மலைப்பாம்பு, கடையில் வாங்கும்போது ஏறக்குறைய இரண்டடிக் குட்டிதான். வளர்ந்தால் ஐந்து மீட்டரைத் தாண்டவும் கூடும். தாய்ப்பாம்பு ஒரே தடவையில் ஐம்பதுக்கு மேலும் முட்டையிடக்கூடும். அவற்றைச் சுற்றிச் சுருண்டு, உடலை நடுக்கி நடுக்கிச் சூடேற்றி அடைகாக்கும். அந்தச் சதுப்புநிலத்திலுள்ள எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இவை இனம்பெருக்கி நிலைத்துவிட்டதை 2000-ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் ஒப்புக்கொண்டனர். 2012-இல் வெளியான ஆய்வு, இரவில் சாலையோரங்களில் ரக்கூன்கள் தென்படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சொன்னது. சதுப்புநில முயல்கள் கண்ணில் படவே இல்லை. ஓர் உயிருக்குக் காட்டிய இரக்கத்துக்கு எண்ணற்ற உயிர்கள் விலை கொடுத்தன.

1992-இல் ஆண்ட்ரூ புயல் ஒரு பாம்புப் பண்ணையைத் தகர்த்ததையும் இவை பரவியதற்குக் காரணமாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஆசியப் பாம்புகளைக் கடல் கடந்து அங்கே கொண்டு சேர்த்தது புயல் அல்ல, வணிகம்.

மனிதருக்கு ஆபத்து இல்லையா? ஃபுளோரிடாவின் காட்டில் திரியும் பர்மிய மலைப்பாம்பு யாரையும் கொன்றதாகப் பதிவில்லை. ஆனால் 2009-இல் அதே மாநிலத்தில், வீட்டில் வளர்ந்த ஒரு மலைப்பாம்பு அடைப்பிலிருந்து வெளியேறி இரண்டு வயதுக் குழந்தையை நெரித்துக் கொன்றது. உரிமையாளரின் ஆசைக்குக் குழந்தை பலியானது.

இப்போது பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொல்கிறார்கள். 2017-இல் தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் தடம் பார்க்கும் திறமைக்காக அங்கே அழைக்கப்பட்டனர். சொந்த நிலத்தில் அருகிவரும் இந்த இனத்தை அயல்மண்ணில் கொல்வது உறுத்தத்தான் செய்கிறது. பாம்பு பசிக்கு இரை தேடியது, அவ்வளவே. திருப்பி அனுப்பினால், சுமந்துவரும் நோயும் ஒட்டுண்ணியும் தாய்நிலத்துக் காட்டைக் கெடுக்கலாம். ஆகவே வலியின்றிக் கொல்வது தவிர்க்க முடியாத தீமை. அதன் பழி பிடிப்பவரைச் சேராது. வாங்கியவரையும், விற்றவரையும், தடுக்காமல் இருந்த அரசையும் சேரும்.

இதே வணிகம் இங்கும் நடக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பந்து மலைப்பாம்புகள் சிக்குவது சென்னை விமான நிலையத்தில் புதிய செய்தியல்ல. வாங்க ஆளிருப்பதால்தான் அவை வருகின்றன. 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பன்னாட்டுப் பாதுகாப்புப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு விலங்குகளை வளர்ப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. சட்டத்தால் அவ்வளவுதான் செய்ய முடியும். ஓர் உயிரின் முழு வளர்ச்சிக்கும் முழு ஆயுளுக்கும் பொறுப்பேற்க முடியாதவர் அதை வாங்கக் கூடாது. வாங்கியவரால் வளர்க்க முடியாவிட்டால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஏரியிலோ காட்டிலோ விடக் கூடாது.