அனுபவித்து முடித்த தண்டனை

அப்பீல் என்ற சொல்லிலே ஓர் ஆறுதல் இருக்கிறது. கீழே நேர்ந்த பிழையை மேலே உள்ளவர் திருத்துவார் என்ற ஆறுதல். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் நடந்த ஒரு வழக்கைப் படித்தபோது எனக்கு அந்த ஆறுதல் குலைந்தது. (நாம் அறிந்த ஹாக்கி அல்ல இது, பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே ஒருவரையொருவர் மோதும் முரட்டு ஆட்டம்.)

2016 ஜனவரி 27. கால்கரி அணியின் டென்னிஸ் வைட்மன் எதிரணி வீரரிடம் பலமாக மோதல் வாங்கினார். எழுந்து தம் அணியினர் இருக்கும் பக்கம் சறுக்கிப் போனவர், வழியில் முதுகு காட்டி நின்ற லைன்ஸ்மன் டான் ஹெண்டர்சனைப் பின்னாலிருந்து இடித்து வீழ்த்திவிட்டார். மோதலில் தலை கலங்கியிருந்தது, வேண்டுமென்று செய்யவில்லை என்றார். நேஷனல் ஹாக்கி லீக் அவரை 20 ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது.

அப்பீல் செய்தார். யாரிடம்? லீகின் கமிஷனர் காரி பெட்மனிடம். தண்டித்த அலுவலகமே அவருக்குக் கீழே இயங்குவதுதான்! மாமியாரைப் பற்றிய குறையை மாமனாரிடம் போய்ச் சொன்ன கதைதான். இரண்டு வாரம் கழித்து 20-ஐ அவர் உறுதி செய்தார்.

6 ஆட்டங்களோ அதற்கு மேலோ தண்டனை என்றால் வெளியாள் ஒருவரிடமும் முறையிடலாம் என்று 2013-ல் வீரர் சங்கத்துடன் செய்த ஒப்பந்தம் இடம் கொடுத்தது. அந்த வெளியாள் ஜேம்ஸ் ஓல்டாம். மார்ச் 11 அன்று தண்டனையை 10 ஆட்டமாகக் குறைத்தார். அதற்குள் வைட்மன் 19 ஆட்டங்கள் உட்கார்ந்தாகிவிட்டது! பிடித்த சம்பளத்தில் பாதி திரும்பி வந்தது. ஆடாத ஆட்டத்தை யார் திருப்பித் தருவது? லீகோ ஓல்டாமைப் பணியிலிருந்து நீக்கியது. நீதிமன்றத்துக்கும் போய்த் தோற்றது. 2018-ல் டாம் வில்சனுக்கும் இதே கதி. 20 ஆட்டம் 14 ஆகக் குறைந்தபோது 16 போயிருந்தது.

பேஸ்பாலில் போல அப்பீல் முடியும்வரை ஆட விட்டால் என்ன என்று கேட்கலாம். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பேஸ்பாலில் இப்படி ஆளை ஆள் இடிப்பது ஆட்டத்தின் பகுதி அல்ல. இங்கே, குற்றம் மெய்யானால், அடுத்த வாரம் இன்னொருவர் முதுகு காட்டி நிற்பாரே! அந்த ஆபத்தை யார் தலையில் கட்டுவது?

ஆகவே தண்டனையை நிறுத்த வேண்டாம், அப்பீலை விரைவுபடுத்தட்டும். கமிஷனர் என்ற இடைப்படியை எடுத்துவிட்டு, நேரே வெளியாளிடம் போகட்டும். ஒளிப்படச் சுருள் கையில் இருக்கிறது, சாட்சிகள் சிலர்தாம். ஒரு வாரம் போதாதா?

இத்தனையும் எழுதிவிட்டுப் பார்க்கிறேன், வைட்மனின் 9 ஆட்டங்களுக்காகவே வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன். இடிபட்ட ஹெண்டர்சன் அதன்பின் நடுவர் வேலைக்குத் திரும்பவே இல்லை. அவர் எங்கே போய் அப்பீல் செய்வார்?