பதவியின் உடல்

ஒரு நாட்டின் தலைவருக்கு ஹெலிகாப்டர் வாங்குவது தளவாட இலாகாவின் காரியம். சிந்திக்கிறவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். எவ்வளவு உயரம் பறக்க வேண்டும், எத்தனை பேர் உட்கார வேண்டும், விலை என்ன என்ற கேள்விகளுக்கு எஞ்சினீயர்களும் கணக்கர்களும் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: ஏறப்போவது யார்? ஏறப்போவது ஒரு மனிதர் என்றால் ஏதாவது ஒரு நல்ல இயந்திரத்தோடு விஷயம் முடிந்துவிடும். ஏறப்போவது ஒரு பதவி என்றால் எந்த இயந்திரமும் போதாது. ‘போதும்’ என்ற சொல்லை அறிந்தது உடல்தான். பசியாறிய வயிறு அதைச் சொல்லும். களைத்த கால் சொல்லும். பதவிக்கு வயிறும் இல்லை, காலும் இல்லை.

1957 ஜூலை 12ஆம் தேதி ஐசனோவர் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலிருந்து ஒரு சிறிய பெல் ஹெலிகாப்டரில் கிளம்பிப் போனார். பதவியிலிருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் ஹெலிகாப்டரில் ஏறியது அதுவே முதல் தடவை. அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் தலைநகரைக் காலி செய்வது எப்படி என்பதற்கான ஒத்திகையின் பகுதி அது. அதே 1957இல், அதே நாட்டில், எர்ன்ஸ்ட் காண்டரோவிச் என்ற சரித்திராசிரியர் ‘மன்னனின் இரு உடல்கள்’ என்ற நூலை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஒன்று மற்றொன்றுக்கு உரை எழுதியதுபோல் இருக்கிறது.

காண்டரோவிச் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் ட்யூடர் காலத்து வக்கீல்களின் ஒரு விசித்திரமான சித்தாந்தம். மன்னனுக்கு இரண்டு உடல்கள். ஒன்று இயற்கை உடல். நோயுறும், மூப்படையும், சாகும். மற்றது அரசியல் உடல்; அதற்குப் பால்யம் இல்லை, முதுமை இல்லை, பிழை இல்லை, மரணமும் இல்லை. இது வெறும் தத்துவ விளையாட்டல்ல. ஆறாம் எட்வர்ட் மைனராக இருந்தபோது கொடுத்த நிலக் குத்தகை செல்லுமா என்று வழக்கு வந்தது. கையெழுத்திட்டது பிள்ளையின் கையானாலும் கொடுத்தது மன்னன். மன்னன் ஒருநாளும் மைனராக இருப்பதில்லை, ஆகவே செல்லும் என்றார்கள். நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. கருவறையை விட்டு நகராத மூலவரையும், வீதிக்கு வரும் உற்சவரையும் ஒரே தெய்வமாகக் கும்பிட்டுப் பழகியவர்கள் நாம். ஆனால் உற்சவரைச் சுமப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கனம் எவ்வளவு என்பதை அவன் தோள் அறியும். தாங்க முடியாதபோது தோள் மாற்றிக்கொள்ளலாம்.

மன்னனை நீக்கிவிட்ட குடியரசில் இந்த இரண்டாவது உடல் என்ன ஆகிறது? அது மக்களிடமும் அரசியல் சாசனத்திடமும் சேர்ந்துவிட்டது என்று பாடபுத்தகம் சொல்கிறது. அது கொள்முதல் பட்டியலில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க ஜனாதிபதியின் ஹெலிகாப்டர்கள் போதாதவையாகிவிட்டன. 1970களிலிருந்து வந்த சிகார்ஸ்கி இயந்திரங்கள் அவை. பழையவை என்பது உண்மைதான். 2005 ஜனவரியில் புதியதற்கான ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டின் கோஷ்டிக்குப் போயிற்று. அடிப்படை இயந்திரம் ஐரோப்பாவின் இஎச்-101. விலை 610 கோடி டாலர் என்று கணக்கு. ஏவுகணையிலிருந்து தப்ப வேண்டும், அணு வெடிப்பின் மின்காந்த அலையிலும் கருவிகள் வேலை செய்ய வேண்டும், வானத்திலிருந்தபடியே ராஜ்யத்தை நடத்த வேண்டும் என்று தேவைகள் வளர்ந்தன. ஒவ்வொரு தேவையும் எடையைக் கூட்டிற்று. எடை எஞ்சினை மாற்றச் சொல்லிற்று. 28 ஹெலிகாப்டர்களுக்கு மதிப்பீடு 1,300 கோடி டாலரை எட்டிற்று. வெள்ளை மாளிகையிலிருந்து ஆண்ட்ரூஸ் விமானதளத்துக்கு பத்து நிமிஷம் பறப்பதுதான் இந்த ஹெலிகாப்டர்களின் அன்றாட வேலை.

இந்தப் பட்டியலை எழுதியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம், தவறும்கூட. அவர்கள் தங்களுக்காக எதையும் கேட்கவில்லை. அந்த ஆசனத்தில் உட்காரப்போகிறவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு அதிகாரியின் முன்னும் நிற்பது ஒரு கற்பனை விசாரணைக் கமிஷன். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் ‘இதை ஏன் விட்டாய்?’ என்று அது கேட்கும். ‘இதை ஏன் சேர்த்தாய்?’ என்று எந்தக் கமிஷனும் எவரையும் தூக்கில் போட்டதில்லை. தனி மனிதனின் பயத்துக்கு ஒரு எல்லை உண்டு; தூங்கினால் மறந்துபோகும். சொந்தக்காரன் இல்லாத பயத்துக்குத் தூக்கம் கிடையாது.

2009 பிப்ரவரி 23இல் வெள்ளை மாளிகையில் அரசாங்கச் செலவு பற்றிய கூட்டம் ஒன்று நடந்தது. முந்தைய தேர்தலில் தோற்ற மக்கெய்ன், ஜெயித்த ஒபாமாவிடம் இந்த ஹெலிகாப்டர் விலையைப் பற்றிக் கேட்டார். இப்போது இருப்பதே தனக்குத் தாராளமாகப் போதும் என்று ஒபாமா பதில் சொன்னார். இதற்கு முன் தன்னிடம் ஹெலிகாப்டரே இருந்ததில்லை என்பதால் எதை இழந்திருக்கிறோம் என்று தெரியாமலிருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். சபை சிரித்தது. நமக்கு முக்கியம் அந்தச் சிரிப்பின் காரணம். இரண்டாவது உடலுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டைப் பற்றி முதல் உடல் வாய் திறந்துவிட்டது. நேற்றுவரை டிக்கெட் வாங்கி விமானத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர் ‘போதும்’ என்றார். அதே ஏப்ரலில் பாதுகாப்பு மந்திரி ராபர்ட் கேட்ஸ் திட்டத்தை நிறுத்தும்படி சிபாரிசு செய்தார். ஜூனில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. அணுகுண்டுத் தாக்குதலுக்கு நடுவே பறந்தபடி ஜனாதிபதி இரவுச் சாப்பாடு சமைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஹெலிகாப்டரைக் கேட்ஸ் பரிகசித்தார்.

இங்கே நிறுத்திக்கொண்டால் எளிமை ஜெயித்த நீதிக்கதை கிடைக்கும். நடந்தது அதுவல்ல. ரத்தாகும்போது 300 கோடி டாலர் வரை செலவாகியிருந்தது. கட்டி முடித்த ஒன்பது ஹெலிகாப்டர்களை 2011இல் கனடா 16.4 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அங்கே பறந்த அதே குடும்பத்து மீட்பு ஹெலிகாப்டர்களுக்கு உதிரிபாகங்களாக. காலம் கடந்து வரும் எளிமையும் ஒரு செலவினம்தான். அதைவிட முக்கியம், அந்தப் ‘போதும்’ ஐந்து வருஷம்தான் உயிரோடிருந்தது. 2014 மே மாதத்தில், ஒபாமாவே ஜனாதிபதியாக இருக்க, சிகார்ஸ்கிக்குப் புதிய ஒப்பந்தம் தரப்பட்டது. மனிதர் சொன்ன சொல்லைப் பதவி அழித்து எழுதிற்று. இதில் ஒபாமா பேச்சு மாறினார் என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது தன் உடலைப் பற்றி. அடுத்து வரப்போகிறவரின் உடலுக்காகப் ‘போதும்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? பதவியின் வாதத்துக்கு பலம் வருவது இந்த இடத்தில்தான். வாதம் பொய்யல்ல. அதனாலேயே அதை எதிர்ப்பது கஷ்டம்.

இரண்டாவது தடவை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குத் தொழிலாளிகளை ஏற்றிப்போகும் எஸ்-92ஐ எடுத்து மாற்றி அமைத்தார்கள். 2018இல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் சோதனைக்காக இறக்கியபோது அதன் எஞ்சின் வெப்பத்தில் புல் கருகிற்று. 2024 ஆகஸ்ட் 19இல் ஜனாதிபதியை அது முதன்முதலாக ஏற்றியது சிகாகோவில். ஏவுகணையை நினைத்துப் பட்டியல் போட்டவர்கள் புல்லை நினைக்கவில்லை.

ஜனாதிபதி பறக்கும்போது அவர் ஹெலிகாப்டர் தனியாகப் போவதில்லை. ஒரே மாதிரி வர்ணம் பூசிய மற்றவை கூடவே பறந்து, இடம் மாறி மாறிப் போகின்றன. எதில் அவர் இருக்கிறார் என்று கீழேயிருப்பவனுக்குத் தெரியக்கூடாது. பாதுகாப்பு நிபுணர்கள் இதைக் கெட்டிக்காரத்தனம் என்பார்கள், சரிதான். ஆனால் இதன் அர்த்தத்தைச் சொற்களில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் இல்லாத ஹெலிகாப்டரில் விமானிகள் இருக்கிறார்கள். குண்டு வந்தால் அது தங்கள்மேல் வரட்டும் என்பதே அவர்கள் அந்த இடத்தில் இருப்பதன் காரணம். அவர்கள் சிப்பாய்கள், தெரிந்து ஏற்றுக்கொண்டவர்கள். எனினும் பதவியின் உடல் எதனால் ஆனது என்ற கேள்விக்கு இது பதிலாகிறது. அது மற்றவர்களின் உடல்களால் ஆனது. ஐசனோவர் ஒத்திகை பார்த்த அன்றே இது ஸ்தூலமாகிவிட்டது. அணுகுண்டு விழுந்தால் ஒருவர் மேலே போவார். நகரம் கீழே இருக்கும்.

அமெரிக்கா கைவிட்ட இஎச்-101, ஏடபிள்யூ-101 என்ற பெயரில் டில்லிக்கும் வந்தது. ஜனாதிபதி, பிரதமர் முதலியவர்களுக்காக 12 ஹெலிகாப்டர்கள் வாங்க 2010 பிப்ரவரியில் ஒப்பந்தம். லஞ்சப் புகாருக்குப் பின் 2014 ஜனவரி 1இல் ரத்து. அதற்குள் மூன்று வந்து சேர்ந்திருந்தன. லஞ்சம் யாருக்கு என்பதைக் கோர்ட்டுகள் பார்த்துக்கொள்ளட்டும். என் அக்கறை டெண்டரிலுள்ள இரண்டு அளவுகளில். 2002இல் 6,000 மீட்டர் உயரம் பறக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 2006இல் அது 4,500 மீட்டராகக் குறைந்தது. தலைவர்கள் அதற்கு மேலுள்ள இடங்களுக்கு அபூர்வமாகத்தான் போகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கூடவே பயணி அறையின் உயரம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. இரண்டுக்கும் நிர்வாகக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைவர் எவ்வளவு உயரத்துக்குப் போக முடியும் என்ற அளவு குறைந்தது; உள்ளே குனியாமல் நிற்பதற்கான அளவு வந்து சேர்ந்தது. சிப்பாய் நிற்கும் பனிமலை தலைவருக்கு எட்டாமல் போகலாம். அவர் தலை மட்டும் கூரையில் இடிக்கக்கூடாது.

இவ்வளவு கவனத்துக்கும் அப்பால், ஹெலிகாப்டரில் போன தலைவர்களைக் கொன்றது எது? 2024 மே 19இல் ஈரான் ஜனாதிபதி ரய்சி மலைப்பிரதேசத்தில் விழுந்து இறந்தார். மூடுபனி என்று விசாரணை முடிந்தது. கூடப் போன இரண்டு ஹெலிகாப்டர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. 2021 டிசம்பர் 8இல் குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி ராவத்தோடு சேர்த்து 14 உயிர்கள் போயின. மேகத்துக்குள் திசை தப்பியதே காரணம் என்றது விமானப்படை. இருவருமே ராணுவத்தாலும் பாதுகாப்பு வளையத்தாலும் சூழப்பட்டவர்கள். ஏவுகணை வரவில்லை, எதிரியும் வரவில்லை. மேகமும் மலைச்சரிவும் அங்கேயே இருந்தன.

மேகத்துக்கு எதிரான சாதனங்களில் மிகப் பழையது ஒரு வாக்கியம்: ‘இன்றைக்கு வேண்டாம்.’ நான் குறிப்பிட்ட விபத்துகளில் அதை யாராவது சொன்னார்களா, சொல்ல முடியாமல் போயிற்றா என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. பொதுவாகச் சொல்ல ஒன்று உண்டு. மனிதரிடம் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வது எளிது. பதவியிடம் சொல்வது கடினம். பதவிக்குக் காத்திருப்பவர்கள் உண்டு, மேடை உண்டு, குறித்த நேரம் உண்டு. எந்த டெண்டரிலும் இடம்பெறாத தேவை இதுதான்: விமானி தயங்காமல் மறுத்துச் சொல்லக்கூடிய ஒரு பயணி.

ஆகவே ‘போதும்’ என்பதும் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்பதும் ஒரே இடத்திலிருந்து பிறக்கும் சொற்கள். சாகக்கூடியவன் சாகக்கூடியவனிடம் சொல்வது. தேர்வு என்பது எதையாவது விடுவது. எதையும் விடாத பட்டியல் தேர்வு ஆகாது. அது பயத்தின் ஜாபிதா. தலைவருக்கு ஹெலிகாப்டர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நனைந்துகொண்டு மாட்டுவண்டியில் போவதில் எந்த தர்மமும் இல்லை. இந்த அபாயத்தை நாங்கள் தெரிந்தே விடுகிறோம், இந்த மனிதர் இவ்வளவுக்குச் சாகக்கூடியவராகவே இருப்பார் என்று ஒரு நாடு எழுத்தில் வைத்து, அதன்கீழ் யாராவது கையெழுத்திட வேண்டும். அதைச் செய்ய மறுக்கிற குடியரசு, தலையை வெட்டி அனுப்பிய மன்னனுக்கு அவன் கனவிலும் காணாத ஒரு உடலைத் தயார் செய்துகொண்டிருக்கிறது. அதன் கனத்தை அறிய அதற்குத் தோளும் இல்லை.