கிருபைக்குச் சாட்சி எது? ஆன் ஹட்சின்சனும் பாஸ்டன் நகரமும்

ஒருவர் கடவுளால் மீட்கப்பட்டவர் என்பதை எதைக் கொண்டு அறிவது என்னும் கேள்வி, 1630-களில் பாஸ்டனில் குடியேறிய ஆங்கிலேயருக்கு வெறும் வேதவிவாதமாக இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1631 முதல் திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கே வாக்குரிமை இருந்தது. சபையோ, தம் உள்ளத்தில் கிருபை செயல்பட்டதைப் பிறர் நம்பும்படி எடுத்துரைக்க வல்லவரையே சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை அந்தப் பத்தாண்டிலேயே உறுதியாக்கியது. ஆகவே கண்ணுக்குப் புலப்படாத கிருபைக்குப் புலப்படும் சான்று ஒன்று ஊர் நிர்வாகத்துக்கே தேவைப்பட்டது.

இந்தத் தேவையோடு மோதியவர், லிங்கன்ஷயரிலிருந்து 1634-இல் கிரிஃபின் என்னும் கப்பலில் வந்திறங்கிய துணி வணிகர் வில்லியம் ஹட்சின்சனின் மனைவி ஆன். மேலிடத்தைக் குறைகூறிச் சிறை சென்ற பாதிரியார் ஒருவரின் மகளாக 1591-இல் பிறந்து, 15 பிள்ளைகளைப் பெற்ற அவர், தாம் மதித்த போதகர் ஜான் காட்டன் முந்தைய ஆண்டே பாஸ்டனுக்குச் சென்றுவிட்டதால் குடும்பத்தோடு பின்தொடர்ந்தார். பிரசவம் பார்க்கப் போன வீடுகளில் தொடங்கிய பேச்சு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை விளக்கும் கூட்டமாக அவர் வீட்டில் வளர்ந்து, அறுபது பேருக்கும் மேல் கூடும் நிலைக்கு வந்தது; தெருவின் எதிர்ப்பக்கத்தில்தான், பின்னாளில் அவரை விசாரிக்கவிருந்த ஜான் வின்த்ரோப்பின் வீடு.

நியாயப்பிரமாணத்தைக் கடைப்பிடித்து மீட்பைப் பெறுவது ‘கிரியைகளின் உடன்படிக்கை’. தகுதி பாராமல் கடவுள் அருளுவது ‘கிருபையின் உடன்படிக்கை’. முன்னது ஆதாமோடு முறிந்தது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. நல்லொழுக்கம் கிருபையைச் சம்பாதிக்காது, ஆனால் கிருபை வந்ததற்கு அடையாளமாகலாம் என்றனர் போதகர் பெரும்பாலோர். வேடதாரிக்கும் அதே ஒழுக்கம் வாய்க்கக்கூடும், எனவே பரிசுத்த ஆவி உள்ளத்தில் தரும் சாட்சியே சாட்சி, மற்றதைப் பிரசங்கிப்பவர் கிரியைகளையே பிரசங்கிக்கிறார் என்றார் ஆன். தர்க்கத்தில் வலுவானது அவர் வாதமே. ஆனால் அதை ஏற்றால் எந்தச் சபையும் உறுப்பினர் பட்டியல் எழுத முடியாது.

1637 நவம்பரில், இன்று கேம்பிரிட்ஜ் எனப்படும் நியூடவுனில், ஆளுநராகியிருந்த வின்த்ரோப்பின் தலைமையில் ஆன்மீதான விசாரணை நடந்தது. நின்றபடியே பதில் சொல்லிய அவர் முகத்தில் தளர்ச்சி தெரிந்த பிறகே உட்கார அனுமதித்தார்கள். முதிய பெண்கள் இளையோருக்குப் போதிக்கலாம் என்பதற்கு வேத வசனம் காட்டி அவர் நீதிமன்றத்தைத் திணறடித்தார். குற்றச்சாட்டு ஏறக்குறைய நிற்காத நிலையில், இரண்டாம் நாள், கடவுள் தமக்கு நேரடியாக வெளிப்படுத்துகிறார் என்றும், இந்த நீதிமன்றத்தாருக்கும் அவர்கள் சந்ததிக்கும் கேடு வரும் என்றும் தாமே முன்வந்து அறிவித்தார். உள்ளத்தின் சாட்சி போதும் என்றவரே, வரப்போகும் வெளி நிகழ்வொன்றைச் சாட்சிக்கு அழைத்துவிட்டார். நாடுகடத்தல் தீர்ப்பாகி, குளிர்காலம் முழுவதும் ராக்ஸ்பரியில் காவலில் இருந்த அவரை, 1638 மார்ச்சில் பாஸ்டன் சபையும் விலக்கியது.

குடும்பம் ரோட் தீவுப் பகுதிக்குப் போனது. சபையின் தூதுவர்கள் அங்கே வந்தபோது, சபையைவிடத் தம் மனைவியோடேயே தாம் நெருக்கமாகப் பிணைக்கப்பட்டிருப்பதாக வில்லியம் சொல்லியனுப்பினார். அவர் இறந்த பின் ஆன் டச்சு நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார். டச்சு ஆளுநர் கீஃப்ட் பூர்வகுடிகள்மீது தொடுத்த போரின் எதிர்வினையாக 1643-இல் சிவானோய் மக்கள் தாக்கியதில், தம்முடன் இருந்த பிள்ளைகளோடு கொல்லப்பட்டார். சூசன்னா என்னும் மகள் மட்டும் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டாள். நியூ இங்கிலாந்துப் போதகர்கள் இதில் கடவுளின் தீர்ப்பைக் கண்டார்கள். ஒழுக்கம் கிருபையின் அடையாளமானால் துயரம் கோபத்தின் அடையாளமாகும் என்பது அவர்கள் கொள்கையின் இயல்பான நீட்சியே. ஆயினும் 1630-இல் வின்த்ரோப்பின் மகன் ஹென்றி வந்திறங்கிய உடனேயே சேலத்தில் நீரில் மூழ்கி இறந்தபோது, தந்தையின் நாட்குறிப்பு அதை ஒற்றை வரியில் பதிந்ததே ஒழிய, தீர்ப்பு என்று அழைக்கவில்லை.

ஆனின் மூத்த மகன் எட்வர்ட் பாஸ்டனிலேயே காலூன்றினார். 1658-இல் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிரான சட்டத்துக்குத் தம் மறுப்பைப் பதிவு செய்த இருவரில் ஒருவர் அவர். அவர் வழிவந்த தாமஸ் ஹட்சின்சன், ஆனின் எள்ளுப்பேரன், மாசசூசெட்ஸின் ஆளுநராகி, புரட்சிக் காலத்தில் நாடு நீங்கி, 1780-இல் இங்கிலாந்தில் இறந்தார். கேடு விளைந்தது நீதிபதிகளின் சந்ததிக்கா, ஆனின் சந்ததிக்கா என்பதை அடையாளம் தேடுவோர் முடிவு செய்துகொள்ளட்டும். ஆன் தம் கையால் எழுதிய எதுவும் எஞ்சவில்லை. அவர் குரலாக இன்று கேட்பதில் பெரும்பகுதி, தாமஸ் 1767-இல் வெளியிட்ட குடியேற்ற வரலாற்றின் பின்னிணைப்பில் அச்சேற்றிய அந்த நியூடவுன் விசாரணைப் பதிவிலிருந்து வருகிறது.