சமாளிப்பின் கணக்கு

அஜின்கோர்ட்டில் நாங்கள் நாலு பேர் தேத்தண்ணிக்குக் கூடினால், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் கதை எப்படியும் வந்துவிடும். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. வாகனங்கள் ஓய்ந்துவிடவில்லை. சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது என்பதே அதற்குக் காரணம்.

காபரேற்றருக்குள் இருக்கும் ஜெற் ஒரு சிறு பித்தளைத் துண்டு. காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலப்பது என்பதை அதன் ஊசித்துளைதான் தீர்மானிக்கிறது. புது ஜெற் கிடைக்காத இடத்தில் கைவசம் இரண்டு வழிகள். துளையைக் குடைந்து பெருப்பிக்கலாம். அல்லது மெல்லிய செப்புக் கம்பி இழையொன்றைச் செருகிச் சிறுப்பிக்கலாம். கம்பியைப் பிறகு இழுத்தெடுக்கலாம். குடைந்த துளை பழைய அளவுக்குத் திரும்பாது.

இந்தச் சாமர்த்தியத்தைப் புகழும்போது நாங்கள் உண்மையில் எதைப் புகழ்கிறோம்?

அந்தக் கைகளைப் புகழ்வது நியாயம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ‘எங்கட சனம் எதையும் சமாளிக்கும்’ என்று கதையை முடிக்கும்போது, தடையை விதித்தவர்கள் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்ததையும், தெருவெல்லாம் புகையைச் சுவாசித்ததையும் நாங்கள் சொல்வதில்லை. சமாளித்ததற்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அதே புகழ்ச்சி இங்கும் எங்களைத் தொடர்கிறது. றெஸ்ரோறன்ற் குசினியில் இருவருடைய வேலையை ஒருவர் செய்யும்போது, ‘உங்கட ஆக்கள் சமாளிப்பினம்’ என்கிறார்கள். நாங்களும் உச்சி குளிர்ந்து நிற்கிறோம். அந்தக் குசினியின் காஸ் அடுப்பிலும் ஒரு ஜெற் உண்டு. ஒன்ராறியோவில் அதில் கைவைக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். ‘எப்படியும் எரியுந்தானே’ என்று எவரும் குடைய முடியாது. அடுப்புக்கு உள்ள இந்தக் காவல் அதன் முன்னால் நிற்கிறவருக்கும் வேண்டாமா?

சமாளித்தல் குணமல்ல என்று நாங்கள் சொல்லவரவில்லை. அது செப்புக் கம்பியைப் போல இருக்கட்டும்: தட்டுப்பாடு உள்ளவரை செருகி, தீர்ந்ததும் எடுத்துவிடும்படியாக. அதையே எங்கள் இயல்பென்று எண்ணத் தொடங்கினால், எங்களையே குடையத் தொடங்கிவிடுகிறோம்.

உதிரிப்பாகம் கிடைக்கிற நாட்டில் உதிரிப்பாகம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.